தலைப்பாகையை மறந்து மேஜையைப் பாருங்கள்: கரிசல் சீமையின் குறும்பட இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில், தோளில் தொங்கிய காமிராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்து யாரைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்று உங்களில் ஐந்தாறு பேர் சென்ற மாதம் ஒரு சாயங்கால வேளையில் விவாதித்துக்கொண்டிருந்தீர்கள். பிறர் பேச்சுக்குச் செவி கொடுத்து நிற்பது மரியாதையன்று என்று அறிந்திருந்தும், அந்தப் பேச்சில் எட்டயபுரமும் பாரதியும் அடிபட்ட காரணத்தால், ஆறிப்போன தேநீரைக் கையில் ஏந்தியபடி கடைசி வரையில் நின்று கேட்டுவிட்டுத்தான் நான் வீடு திரும்பினேன். நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயோதிகனின் குறுக்கீடு உங்கள் உற்சாகத்தைக் குலைத்துவிடுமோ என்ற தயக்கத்தில் சும்மா இருந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இந்த மடலில் சொல்ல முற்படுகிறேன். தேநீர்க் கடையில் நின்ற ஐந்தாறு பேருக்கு மட்டுமின்றி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு, சாத்தூர் என்று இந்தக் கறுப்பு மண்ணில் எங்கெங்கே கையில் காமிராவோடு இளைஞர்கள் திரிகிறார்களோ அவர்கள் அத்தனை பேருக்கும் இது பொதுவாகுக.

உங்கள் திட்டத்தில் நான் கேட்டவை இவை: வெள்ளைத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, கறுப்புக் கோட்டு, வானத்திலிருந்து எடுத்த கரிசல் காடு, எட்டயபுரத்து மணிமண்டபம், பின்னணியில் ஓங்கி ஒலிக்கும் பாட்டு. ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் அவற்றையெல்லாம் நாடு நூறு முறை பார்த்தாயிற்று. யாரும் பார்க்காத பாரதி ஒருவர் இருக்கிறார். உங்களுக்கு முன் அவரைப் படமெடுக்க வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்ற ஆதங்கத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருமுன், கடல் கடந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’. என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். மறுநாளும் போடச் சொல்லிப் பார்த்தேன். கிளீவ்லாந்து என்னும் தொழில் நகரத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றோருக்கான ஆஸ்பத்திரியில் கோப்புகளை அடுக்கி எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்த ஹார்வி பீக்கர் என்பவருடைய ஜீவிய சரித்திரம் அது. அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டுக்குப் பிறகு, சித்திரக்கதைப் பிரசுரகர்த்தர்கள் தாமே கூடி ஏற்படுத்திக்கொண்ட தணிக்கைக் குழுவின் முத்திரை இல்லாத புத்தகத்தை வியாபாரிகள் பெரும்பாலும் தொடமாட்டார்கள் என்ற நிலைமை உண்டாயிற்று. அறுபதுகளில் சில இளைஞர்கள் அந்த முத்திரையைச் சட்டை செய்யாமல், தாங்களே வரைந்து, சிறு அச்சகங்களில் அச்சிட்டு, தங்களுக்குத் தெரிந்த கடைகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தலைமறைவுச் சித்திரக்கதை என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தில் தலைசிறந்த ஓவியரான ராபர்ட் கிரம்ப் என்பவர் பீக்கருக்குச் சிநேகிதர். பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிக்கும் பித்து இருவருக்கும் பொதுவாக இருந்ததால் விளைந்த சிநேகம்.

பீக்கருக்குப் படம் வரைய வராது. குச்சிக் கைகளும் குச்சிக் கால்களும் கொண்ட பொம்மைகளைக் கட்டம் கட்டமாகக் கிறுக்கி, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் வசனத்தை எழுதி, அதைச் சிநேகிதரிடம் நீட்டினார். வரிசையில் நிற்கும் போது முன்னால் நின்ற கிழவி பேரம் பேசி நேரத்தைக் கடத்துவது, ஆஸ்பத்திரியில் உடன் வேலை செய்பவர்கள் பேசிக்கொள்வது, காலையில் எழுந்ததும் மனத்தைக் கவ்வும் சோர்வு ஆகிய இவைதாம் கதை. பறக்கும் வீரர் யாரும் அதில் கிடையாது. 1976-ஆம் ஆண்டு முதல் தம் சம்பளத்திலிருந்தே செலவு செய்து அந்த இதழை வெளியிட்டார். எழுத்து அவருடையது, சித்திரம் வெவ்வேறு ஓவியர்களுடையது. பேரும் புகழும் ஓரளவு வந்த பின்பும், 2001-இல் ஓய்வு பெறும் வரையில், ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வேலையை அவர் விடவில்லை.

படம் எடுத்தவர்கள் செய்த காரியத்தை மட்டும் சிரத்தையுடன் கவனியுங்கள். பால் ஜியாமட்டி என்ற நடிகர் பீக்கராக நடிக்கிறார். அதே படத்தில் உண்மையான பீக்கரும் வந்து உட்கார்ந்து, நடிகர் தம்மைப்போல் இருக்கிறாரா என்று பேசுகிறார். சில இடங்களில் அவர் சித்திரமாகவே மாறி நடந்து போகிறார். ஆஸ்பத்திரியின் கோப்பு அறையும், மங்கிய வெளிச்சமும், தள்ளுவண்டியும் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலைக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்று அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தாலே விளங்கிவிடுகிறது. முடிவில் அவர் ஓய்வு பெற்ற நாளன்று சகாக்கள் நடத்திய நிஜமான பிரிவுபசாரமே திரையில் வருகிறது. நடிகருக்கு அங்கே வேலை இல்லை.

இனி எட்டயபுரத்துக்குத் திரும்புவோம். ‘இந்தியா’ என்ற வாரப் பத்திரிகை 1906-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் தொடங்கிற்று. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சாரியார் உடைமையாளர். எழுத்தெல்லாம் பாரதியின் பொறுப்பு. அந்தப் பத்திரிகையின் முகப்பில் கருத்துப்படம் வெளிவந்தது. தமிழ்ப் பத்திரிகைத் தொழிலில் அரசியல் கருத்துப்படத்தைப் புகுத்தியவர் பாரதியே என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிபு. ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தப் படங்களைத் தேடித் தொகுத்து 1994-இல் ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்ற நூலாக வெளியிட்டிருக்கிறார். உங்கள் படத்துக்கு மூல ஆதாரம் வேண்டுமானால் முதலில் தேட வேண்டிய நூல் அதுவே. மிதவாதிகளையும், இந்திய மந்திரி மார்லியின் சீர்திருத்தங்களையும், சுதேசியத்தின் பகைவர்களையும் படத்தில் பிடித்து, கீழே சித்திர விளக்கம் என்று எழுதி, படிக்கத் தெரிந்தவன் படிக்கத் தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லத்தக்க முறையில் அவற்றை அவர் அமைத்தார். கருத்தும் விளக்கமும் பாரதியிடமிருந்து பிறந்தன. கோடு இழுத்த கை வேறொருவருடையது. கிளீவ்லாந்துக் குமாஸ்தாவின் குச்சிப் பொம்மைகளைப் பார்த்த அன்று என் நெஞ்சில் பளிச்சென்று தோன்றியது இதுதான்: அவருக்கு எழுபது வருஷங்களுக்கு முன்பே, நம் ஊருக்கு 15 கிலோமீட்டர் கிழக்கே பிறந்த ஒருவர், படத்தை எழுத்தால் சிருஷ்டித்து, வரைவதற்கு இன்னொருவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார், பின்னர் சர்க்காரின் கண்ணுக்குத் தப்பி அயல் ராஜ்யத்திலிருந்து அதை அச்சிட்டு உள்ளே அனுப்பவும் செய்தார். தலைமறைவு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஒரு கருத்துப்படம் தாளில் ஏறுவதற்கு எவ்வளவு பாடு என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியனாவதற்கு முன்னால், அறுபதுகளின் நடுவில், கோவில்பட்டிச் சந்துக்குள் இருந்த ஒரு சிறு அச்சகத்தில் மூன்று வருஷம் புரூஃப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி ஆபீஸ் ரசீது, நாடக நோட்டீஸ், தேர்தல் துண்டுப் பிரசுரம் ஆகியவைதாம் வேலை. படம் போட வேண்டுமென்றால் ‘பிளாக்’ வர வேண்டும். மரக்கட்டை மேல் ஆணியால் அறைந்த உலோகத் தகடு அது. உள்ளங்கையில் வைத்தால் கனக்கும். எழுத்துகளுக்கு நடுவில் அதைச் சொருகிச் சட்டத்தை முடுக்கி, முதல் தாளை ஓட்டிப் பார்த்தால் மூக்கு மட்டும் விழுந்திருக்கும், கன்னம் விழுந்திராது. உடனே இயந்திரக்காரர் பிளாக்கைக் கழற்றி, கன்னம் இருக்கும் இடத்துக்கு அடியில் மெல்லிய தாள் துணுக்கைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, மறுபடியும் பொருத்துவார். அப்போது கன்னம் விழும், மை அப்பிக் கண் மூடிக்கொள்ளும். மறுபடியும் கழற்ற வேண்டும். ஒரு முகம் சரியாக விழுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அவர் அந்தத் தகட்டைத் துடைக்கிற துடைப்பில், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவம் இருக்கும்.

அறுபதுகளிலேயே இந்தப் பாடு என்றால், 1906-இல், வாரம் தவறாமல், அதுவும் அரசாங்கத்தின் கோபத்தைச் சம்பாதிக்கக்கூடிய படத்தைப் போடுவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதியும் பொருளும் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், அதைத் திரையில் காட்டுங்கள். கவிஞர் வானத்தைப் பார்த்து நிற்பதைக் காட்டுகிறவர்கள் அநேகர். வியாழன் இரவு மணி பதினொன்றுக்குப் படத்தின் கீழ்வரியில் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல்லைப் போடத் தவிக்கும் பத்திராதிபரை ஒருவரும் காட்டினாரில்லை.

1908-ஆம் ஆண்டு நம் ஜில்லாவுக்குச் சோதனையான ஆண்டு. ஓட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு ஜூலை மாதத்தில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே ‘இந்தியா’வின் மேல் ராஜத்துவேஷ வழக்கு வந்தது. இந்த இடத்தில் உங்கள் கவனத்தை ஒரு கணம் நிறுத்த விரும்புகிறேன். சட்டப்படி ஆசிரியராகப் பெயர் பதிவு செய்திருந்தவர் பாரதியல்லர், எம். சீனிவாசன் என்பவர். அவர் கைதானார், ஐந்து வருஷ தண்டனையும் பெற்றார். நண்பர்களின் ஆலோசனைப்படி பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு ரயிலேறிவிட்டார். தாம் எழுதிய எழுத்துக்காகப் பெயர் கொடுத்த மனிதர் சிறையில் கிடக்க, எழுதிய கை சுதந்திரமாக இருக்கிறதே என்ற எண்ணம் அந்த உணர்ச்சிப் பிழம்பான மனிதரை எத்தனை இரவு உறங்கவிடாமல் செய்திருக்கும்! பாரதியின் மேல் பக்தி கொண்ட நம்மில் பலர் இந்தச் சம்பவத்தை வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். நீங்கள் கடக்காதீர்கள். அவரைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம், வக்கீலாக நின்று வாதாடவும் வேண்டாம். நீதிமன்றத்தில் வேறொருவர் பெயர் கூப்பிடப்படுவதையும், கடற்கரை ஊரில் ஒருவர் தூங்காமல் எழுந்து உட்கார்ந்திருப்பதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் போதும்.

அந்த வருஷம் அக்டோபரில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மறுபடியும் புறப்பட்டது. கருத்துப்படமும் கூடவே வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சிடத் தடையில்லை. ஆனால் சந்தாதாரர்கள் எல்லாம் இருப்பது எல்லைக்கு இப்பால், சென்னை ராஜதானியில்! பிரிட்டிஷ் சர்க்கார் பிரதிகளை வழியிலேயே மறித்தது; புதுச்சேரித் தெருக்களில் ஒற்றர்கள் உலவினார்கள். பத்திரிகையை வாங்குகிறவனும் சந்தேகத்துக்கு உள்ளானான். சுதந்திரமாக எழுதலாம், படிப்பவனிடம் போய்ச் சேராது என்ற விசித்திரமான சிறைவாசம் அது. 1910 பிப்ரவரியில் புதிய அச்சுச் சட்டம் வந்தது. மார்ச்சு மாதத்தோடு ‘இந்தியா’ நின்றது. சித்திரங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்று தனியாக ஓர் இதழ் நடத்த வேண்டுமென்று பாரதி திட்டமிட்டிருந்தார் என்பதை அறியும்போது நெஞ்சம் கனக்கிறது. அது வெளிவரவேயில்லை. வெளிவராத அந்த இதழின் முதல் பக்கம் எப்படி இருந்திருக்கும்? நூலாசிரியனுக்குக் கற்பனை செய்ய உரிமை குறைவு. படமெடுப்பவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை, கற்பனை என்று பார்வையாளனுக்குத் தெரியும்படி செய்தால். அமெரிக்கப் படக்காரர்கள் பீக்கரைச் சித்திரமாக நடக்கவிட்டதுபோல, ‘சித்திராவளி’யின் பக்கங்களை உங்கள் படத்தில் மட்டும் ஒருமுறை அச்சேற்றுங்கள்.

பாரதி திரையில் வராதவர் அல்லர். 1961-இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழ’னில் எஸ். வி. சுப்பையா பாரதியாக வந்ததை, சிறுவனாக இருந்தபோது தரையில் உட்கார்ந்து பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். 2000-ஆம் ஆண்டில் ஞான ராஜசேகரன் ‘பாரதி’ என்றே ஒரு படம் எடுத்தார். மராட்டிய நாடக மேடையிலிருந்து வந்த சாயாஜி ஷிண்டே பாரதியாகவும், தேவயானி பாரதியின் மனைவி செல்லம்மாவாகவும் நடித்தார்கள்; இளையராஜா இசை; தங்கர் பச்சான் ஒளிப்பதிவு; கலை இயக்கத்துக்காகப் பி. கிருஷ்ணமூர்த்திக்கும், பாட்டுக்காகப் பவதாரிணிக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. தமிழில் சிறந்த படம் என்ற விருதும் அதற்கே. அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். பிற மாநிலத்து நடிகர் என்று முதலில் முணுமுணுத்தவர்கள்கூட, அவர் கண்களில் தெரிந்த ஜ்வாலையைக் கண்டு பின்னர் வாய் மூடிக்கொண்டார்கள். ஆனாலும் முப்பத்தொன்பது வயது நிறையுமுன் முடிந்த ஒரு வாழ்க்கையின் ஆதியந்தத்தையும் இரண்டு மணி சொச்சத்துக்குள் சொல்ல முற்பட்டால், நின்று பார்க்க வேண்டிய இடங்களில் ஓட வேண்டியிருக்கும். படம் முடிந்து வீடு திரும்பியபோது என் மனத்தில் தங்கியிருந்தவை அவருடைய வறுமையும் கோபமும் பாட்டும். பத்திரிகை ஆபீசின் மை வாசனை தங்கவில்லை. உங்களுக்கு நாற்பது நிமிஷம்தான் உண்டென்றால், ஒரு முழு வாழ்க்கையைத் தொடாதீர்கள். 1908 ஆகஸ்டு முதல் 1910 மார்ச்சு வரை, ஒத்தையடிப் பாதை போன்ற அந்தச் சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பாகையைப் பற்றிச் சொல்கிறேன். பாரதியின் புகைப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்றிரண்டே காலண்டரிலும் சுவரிலும் தபால் தலையிலும் பெருகிப் பெருகி, அந்த மனிதர் தூங்கும்போதும் தலைப்பாகையோடு தூங்கினார் என்று குழந்தைகள் நம்பும்படி ஆகிவிட்டது. புதுச்சேரியில் செல்லம்மாவோடு எடுத்த படத்தில் தாடி வைத்திருக்கிறார். காரைக்குடியில் 1919-இல் எடுத்த படத்தில் கையில் தடியோடு வேறு ஆளாக நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பாருங்கள். அப்புறம் நடிகரைத் தேடுங்கள். மீசையைக் கொண்டு தேடினால் மீசைதான் கிடைக்கும்.

செல்லம்மாளை அழுகிற மனைவியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கப் படத்தில் பீக்கரின் மனைவி ஜாய்ஸ் பிராப்னர் கணவரின் நோய்க்காலத்தை அவரோடு சேர்ந்தே புத்தகமாக்குகிறார். 1994-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருவர் பெயரும் உண்டு. நம் செல்லம்மாள், கணவர் 1921-இல் மறைந்த பிற்பாடு, சகோதரரின் துணையோடு பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவருடைய பாடல்களைப் பதிப்பிக்கத் துணிந்தவர்; திருச்சி வானொலியில் 1951-இல் ‘என் கணவர்’ என்று பேசியவர். வீட்டில் அரிசி எவ்வளவு, குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை நாள், போலீஸ்காரன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. பத்திரிகையின் கணக்கு கணவரிடம் இருந்தது. இரண்டாவது பெண் சகுந்தலா பிறந்தது அந்த 1908-இல்தான். கைக்குழந்தையும், கைதாணையும், நின்றுபோன வருமானமும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டுக்குள்ளிருந்து இந்தக் கதையைப் பார்த்தால், அடுப்பங்கரையே உங்கள் காமிராவுக்குச் சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படம் வரைந்த அந்த ஓவியரை யாராக நடிக்க வைப்பது, கோடு இழுக்கும் கையை எங்கிருந்து கொண்டுவருவது என்று நீங்கள் கேட்கலாம். கையைத் தேடி நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நாடகக் கம்பெனியோடு சீன் எழுத வந்து, நாற்பதுகளில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட சி. கொண்டையராஜு, 1976-இல் மறையும் வரையில் இங்கே வைத்துத்தான் எத்தனையோ சீடர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் சந்நிதியில் சில காலம் இருந்து, கடைசியில் நம் ஊரில் நிலைத்த மனிதர். தேசமெங்கும் பூஜை அறைச் சுவர்களில் தொங்கும் முருகனும் லக்ஷ்மியும் மீனாட்சியும் அவருடைய கரத்திலிருந்தும் சீடர்களின் கரங்களிலிருந்தும் புறப்பட்டுச் சிவகாசி அச்சு வழியாகப் போனவர்கள். அந்தக் கைவழியில் வந்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் உண்டு. சாயம் குழைக்கிற அவர்கள் கையைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடியுங்கள்.

சித்திரம் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுகிற பெரியவர்கள் உங்களைத் தடுக்கலாம். நானும் அப்படித் தடுத்தவன். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வெளிவரத் தொடங்கிய காலத்தில், நான் ஆசிரிய உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருந்தேன். வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போது, தீப்பெட்டிக் குச்சி அடுக்கிவிட்டுப் பள்ளிக்கு வரும் பையன் ஒருவன், மருந்துக் கறை போகாத விரல்களால் இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிக்கொண்டேன், கிழித்தும் போட்டேன். அவன் அழவில்லை. காலணா காலணாவாகச் சேர்த்த காசு என்று மற்றொரு பையன்தான் எழுந்து சொன்னான். தமிழ்ப் பாடத்தில் திணறிக்கொண்டிருந்த அந்தச் சிறுவன் ஒரு முழுக் கதையை எழுத்துக் கூட்டி முடித்தது அந்தப் புத்தகத்தில்தான் என்பது பின்னால் தெரியவந்தது. பாரதியின் கருத்துப்படத் தொகுப்பைப் பல வருஷங்கள் கழித்து நூலகத்தில் புரட்டியபோது, படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்த விளக்கங்களைப் படிக்கப் படிக்க, அந்தப் பையனுடைய விரல்களே கண் முன் நின்றன. எழுத்து அறியாதவனைப் படத்தின் வழியே எழுத்துக்குக் கூட்டிச் செல்ல வேண்டுமென்று எட்டயபுரத்துக்காரர் விரும்பினார். அவர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்திய நான் பாதியில் அந்த வழியை அடைத்தேன்.

உங்களால் முடியுமா என்ற ஐயம் எனக்கில்லை. ஆண்டிபட்டியில் பிறந்து கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்த பூமணி, தீப்பெட்டித் தொழிலில் மாளும் குழந்தைகளைப் பற்றிக் ‘கருவேலம்பூக்கள்’ என்ற படத்தைத் தாமே இயக்கிக் காட்டியிருக்கிறார். அவருடைய ‘வெக்கை’ நாவல்தான் 2019-இல் ‘அசுரன்’ ஆனது. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’யாக எடுத்தார். இந்த மண்ணின் எழுத்துக்கும் திரைக்கும் உள்ள உறவு புதிதன்று.

செலவைப் பற்றியும் யோசித்தேன். கப்பல் வேண்டாம், கூட்டம் வேண்டாம், வெள்ளைக்காரத் துரைமார் வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, திண்ணையோடு. அது எட்டயபுரத்திலேயே கிடைக்கும். ஒரு மேஜை, ஓர் அரிக்கேன் விளக்கு, கட்டுக் கட்டாகத் தபாலில் திரும்பி வரும் பத்திரிகைப் பிரதிகள். அந்தக் கட்டுகள் வரவர மூலையில் உயர்ந்துகொண்டே போவதைக் காட்டினால், தடையுத்தரவை வசனத்தில் சொல்ல வேண்டிய தேவையே இராது. பேச்சு மட்டும் வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். கவிதை வரிகளைச் சம்பாஷணையில் புகுத்தாதீர்கள். கஞ்சிக்கு உப்புக் கேட்கும் இடத்தில் எந்தக் கவியும் விருத்தம் பாடுவதில்லை. பாடல்களின் உரிமையைப் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. சர்க்கார் அவற்றை 1949-இல் வாங்கிப் பின்னர் பொதுமக்களுக்கே உடைமையாக்கிவிட்டது. ஆனாலும், ஒரு பாட்டுக்கூட இல்லாமல் பாரதியைப் பற்றி ஒரு படம் வருமானால் அதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க நான் ஆசைப்படுகிறேன்.

நான் புரூஃப் பார்த்த அச்சகம் மூடப்பட்டபோது, இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொண்டுபோனார்கள். இயந்திரக்காரர் மூன்று பிளாக்குகளை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று பிள்ளையார், ஒன்று மாட்டுவண்டி, மூன்றாவது தலைப்பாகை இல்லாத யாரோ ஒரு மனிதருடைய முகம், யாரென்று அவருக்கும் தெரியவில்லை. கன்னத்துக்கு அடியில் அவர் ஒட்டிய தாள் துணுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று பிளாக்குகளும் கனமாக, கறுப்பாக, விரலில் மை ஒட்டாத அளவுக்கு உலர்ந்து கிடக்கின்றன. உங்கள் படத்தில் மேஜை மேல் வைக்க ஒரு பிளாக் வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், எடுத்து வைத்திருக்கிறேன். துடைப்பதற்கு மண்ணெண்ணெய் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். இப்பொழுதெல்லாம் ரேஷன் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வு பெற்ற தமிழாசிரியன்,
கோவில்பட்டி.